சிக்னல்ல நிக்கும்போது பிரேக் பெடல் தானா உள்ள இறங்குது, மாஸ்டரா பூஸ்டரா?

தாம்பரம்_டிரைவ்
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2009 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், முன்னாடி டிஸ்க் பின்னாடி டிரம், ஏபிஎஸ் கிடையாது, 1 லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. பல்லாவரம் சிக்னல்ல பிரேக்ல கால வச்சு நிக்கும்போது பெடல் மெதுவா கீழ போய்க்கிட்டே இருக்கு. கால எடுத்து மறுபடி மிதிச்சா மேல வந்துருது, திரும்ப இறங்குது. ஆனா ஓட்டும்போது சடார்னு மிதிச்சா நல்லாவே புடிக்குது, அதான் குழப்பமா இருக்கு.

ஏரியா மெக்கானிக் கிட்ட விட்டேன், பிரேக் ஆயில் லைன்ல ஏர் இருக்குன்னு சொல்லி நாலு வீல்லயும் ஏர் எடுத்தாரு, கொஞ்ச நாள் பரவால்ல, அப்புறம் முன்ன இருந்தத விட மோசமாயிருச்சு. இப்ப மிதிக்கற காலுக்கு வேக்கூம்ல பலம் குடுக்கற பூஸ்டர் போச்சு, மாத்தியே ஆகணும்ங்கறாரு, அவர் சொல்ற ரேட்ட கேட்டா தலை சுத்துது. தீபாவளி லீவுக்கு கொல்லிமலை போலாம்னு வீட்ல முடிவு பண்ணி வச்சிருக்காங்க, 70 கொண்டை ஊசி. இந்த பெடல வச்சிக்கிட்டு நான் எப்படி இறங்கறது. யாராச்சும் வழி சொல்லுங்க.

ஓஎம்ஆர்_ரைடர்
ப்ரோ இது ஏர் தான், சந்தேகமே வேணாம். நிறைய பேர் ஏர் எடுக்கறேன்னு ரெண்டு மிதி மிதிச்சுட்டு வீல்ல ஏர் வெளிய விடற நிப்பிள மூடிருவாங்க. பழைய ஆயில மொத்தமா எடுத்துட்டு டாட் 4 ரக பிரேக் ஆயில் ஊத்தி நிதானமா இன்னொரு தடவ எடுக்க சொல்லுங்க, கல்லு மாதிரி நிக்கும்.

ஸ்பானர்பாண்டி
தம்பி, ஓஎம்ஆர் தம்பி சொல்றது இங்க ஒத்து வரல, கோவிச்சுக்காதீக. கால வச்சா பெடல் எப்படி இருக்குன்னு மொதல்ல பிரிச்சு பாக்கணும். பஞ்சு மாதிரி நொசநொசன்னு இருந்து, நாலு தடவ வேகமா மிதிச்சா கெட்டியானா அதுதேன் ஏர். மொத மிதில ரொம்ப கீழ போயி, ரெண்டாவது மிதில மேலயே நின்னு, நின்ன எடத்துல அப்படியே இருந்தா பின்னாடி ஷூ தேஞ்சோ அட்ஜஸ்ட்மென்ட் விட்டுப்போயோ டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடிருச்சுன்னு அர்த்தம். நீங்க சொல்றது மூணாவது வகை, கெட்டியா நின்னுட்டு அப்புறம் மெதுவா இறங்குது. அழுத்தத்துல நிக்க வேண்டிய ஆயில் எங்கிட்டோ தப்பிக்குது. வெளிய ஒழுகணும், இல்லாட்டி பெடல் மிதிச்சா ஆயில அழுத்தி வீலுக்கு அனுப்புற மாஸ்டர் சிலிண்டருக்குள்ளயே சீல தாண்டி பின்னாடி போகணும். ஏரு எங்கயும் தப்பிச்சுப் போகாது, அமுங்கும், அவ்வளவுதேன்.

சடார்னு மிதிச்சா புடிக்குதுன்னு சொன்னீகள்ல, அதுலயே பாதி விடை இருக்கு. ஊசி போடற சிரிஞ்ச் கணக்கா தான் மாஸ்டரும், உள்ள பிஸ்டன், அது தலையில ஒரு ரப்பர் கப். ஓங்கி மிதிக்கும்போது ஆயில் அழுத்தமே அந்த கப்போட ஓரத்த விரிச்சு சுவத்தோட ஒட்ட வச்சிரும், அதனால கப் தேஞ்சிருந்தாலும் அந்த நேரத்துக்கு தாங்கும். சிக்னல்ல லேசா கால வச்சிருக்கும்போது அந்த அழுத்தம் பத்தாது, ஓரம் விலகி ஆயில் பின்னாடி கசியும். அதனால லேசா வச்சா இறங்குது, ஓங்கி மிதிச்சா நிக்குதுன்னா என் சந்தேகம் எல்லாம் மாஸ்டர் மேல தான்.

இன்னைக்கே பாருங்க. இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பெடல அஞ்சாறு தடவ மிதிச்சு பூஸ்டர்ல இருக்க வேக்கூம காலி பண்ணுங்க, பெடல் இறுகிரும். அப்புறம் லேசா மிதிச்சு ஒரு நிமிஷம் புடிங்க. அப்பவும் இறங்குனா பூஸ்டருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பக்கத்துல ஒரு ஆள நிறுத்தி ஆயில் டப்பா மூடிய தொறந்து உள்ள பாக்க சொல்லுங்க, மிதிச்ச ஒடனே ஒரு சின்ன துள்ளல் வர்றது நல்ல வண்டிலயும் வரும். பெடல் இறங்க இறங்க உள்ள ஆயில் கொளகொளன்னு கலங்கிக்கிட்டே இருந்தா கப்ப தாண்டி வருதுன்னு எழுதி வச்சுக்கலாம். மூஞ்சிய ரொம்ப பக்கத்துல கொண்டு போகாதீக, தெறிச்சா கண்ணுக்கு ஆகாது.

அதுவரைக்கும் வண்டிய வீட்லயே நிப்பாட்டுங்க.

கொங்குகார்
பாண்டியண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேனுங்க. பூஸ்டர் போனா பெடல் இறங்காதுங்க, அதுக்கு நேர் எதிரா கெட்டியாகி மிதிக்கவே முடியாம போகும். உள்ள இருக்கற டயாஃப்ரம்ங்கற ரப்பர் தடுப்பு கிழிஞ்சா காலுக்கு கெடைக்கற உதவி போயிரும், அவ்வளவுதானுங்க. செக் பண்றதும் சுலபம், இன்ஜின் ஆஃப்ல நாலஞ்சு தடவ மிதிச்சுட்டு, கால எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா ஒரு இன்ச் கீழ எறங்கோணும். எறங்குச்சுன்னா பூஸ்டர் வேலை செய்யுது. இந்த எறக்கத்த பாத்துட்டு பயந்துக்கிட்டு பிரேக் போச்சுன்னு கேக்கறவங்களும் இருக்கறாங்க, அது நார்மல் தானுங்க.

தாம்பரம்_டிரைவ்
ரெண்டு டெஸ்ட்டும் பண்ணியாச்சு. இன்ஜின் ஆஃப்ல மிதிச்சு காலி பண்ணிட்டு லேசா புடிச்சேன், மெதுமெதுவா போயி மேட்ட தொட்டுருச்சு. ஓங்கி புடிச்சா ரொம்ப நேரம் நிக்குது. ஸ்டார்ட் பண்ணும்போது அந்த ஒரு இன்ச் இறக்கமும் வந்துச்சு, அப்ப பூஸ்டர் நல்லாதான் இருக்குன்னு வச்சுக்கறேன். தம்பிய டப்பா பக்கத்துல நிறுத்தினேன், ஒரு பக்கம் மட்டும் ஆயில் சுழண்டுக்கிட்டே இருக்குன்னான்.

ஆனா ஒண்ணு இடிக்குது. டப்பால லெவலும் கொஞ்சம் குறையுது, சர்வீஸ்ல மேக்ஸ் கோடு வரைக்கும் ஊத்தினது இப்ப மினிமத்துக்கு பக்கத்துல நிக்குது. தரையில ஒரு சொட்டு கூட இல்ல.

ஓஎம்ஆர்_ரைடர்
பேட் தேஞ்சாலும் லெவல் இறங்கும் ப்ரோ, பேட அழுத்தற கேலிப்பர் பிஸ்டன் வெளிய வர வர அந்த எடத்த ஆயில் ரொப்பும். பேட் கனம் பாத்தீங்களா?

சரி, ஏர் இல்லன்னு ஒத்துக்கறேன், டப்பா சுழல்றது நானும் பாத்ததில்ல. ஆனா ஏர் எடுத்தப்புறம் எப்படி மோசமாச்சு, அது புரியல.

ஸ்பானர்பாண்டி
நல்ல கேள்வி தம்பி. பழைய வண்டில ஏர் எடுக்கும்போது ஒருத்தர் உள்ள உக்காந்து பெடல தரை வரைக்கும் தம் கட்டி மிதிப்பாக. நாம தினம் ஓட்டும்போது பிஸ்டன் பாதி தூரம் தான் போயிட்டு வரும், சிலிண்டரோட மீதி நீளம் வருஷக்கணக்கா யாரும் தொடாத எடம். ஆயில் தண்ணிய இழுக்கும், அந்த எடத்துல துரு, பிசினு, அழுக்கு எல்லாம் படிஞ்சு உக்காந்திருக்கும். நிப்பிள தொறந்துட்டு மிதிச்சதும் எதிர்ப்பே இல்லாம கப் நேரா அந்த சொரசொரப்பு மேல போயி உரசும், ஓரம் கிழிஞ்சிரும். ஏற்கனவே தேஞ்ச கப்புன்னா முடிஞ்சுச்சு கத. நான் பட்டறை வச்சிருந்த காலத்துல பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டைய போட்டுட்டுத்தேன் மிதிக்க விடுவேன், அது தாண்டி போகாது. இப்ப எவன் கட்டை தேடுறான்.

லெவல் குறையுறதுக்கு: நாலு வீலையும் கழட்டி உள்பக்கம் பாருங்க. முன்னாடி கேலிப்பர் பிஸ்டன் ரப்பர் ஓரம், ஹோஸ் ரெண்டு முனை. பின்னாடி டிரம்ம உருவி, வீல் சிலிண்டரோட ரப்பர் தொப்பிய நகத்தால லேசா தூக்குங்க, உள்ள நனஞ்சிருந்தா அது ஒழுகுது. எல்லாம் காஞ்சு கெடந்தா மாஸ்டருக்கும் பூஸ்டருக்கும் நடுவுல பாக்கணும். பின் சீல் விட்டுப்போச்சுன்னா ஆயில் பூஸ்டர் வயித்துக்குள்ள போயிரும், வெளிய சொட்டே தெரியாது, ஊத்துறது மட்டும் எங்க போகுதுன்னு தேடிக்கிட்டே இருக்கணும்.

ஜாக்கிய மட்டும் நம்பி அடியில கைய விடாதீக. ஸ்டாண்ட் போட்டு, மத்த டயருக்கு கல்லு வச்சு பாருங்க.

யாழ்_வான்காரன்
வணக்கம் அண்ணை, யாழ்ப்பாணத்தில இருந்து. என்ர வானுக்கும் உப்பிடித்தான் பெடல் இறங்கினது. கழட்டிப் பாத்தா மாஸ்டர் ரப்பர் எல்லாம் ஊதிப் போய்க் கிடக்கு. ஆரோ பிரேக் ஒயில் எண்டு நினைச்சு பவர் ஸ்டியரிங் ஒயில ஊத்திப்போட்டாங்கள். டப்பா மூடிக்குள்ள இருக்கிற ரப்பரையும் ஒருக்கா பாருங்கோ, அது நெளிஞ்சு ஊதி இருந்தா மாஸ்டர் மாத்திறது மட்டும் காணாது, எல்லா ரப்பரும் மாத்த வேணும்.

கொங்குகார்
கரெக்ட்டுங்க. பிரேக் சிஸ்டத்துல இருக்கற ரப்பர் கிளைக்கால்ங்கற (glycol) வேதிப்பொருள் வகை ஆயிலுக்குன்னே பண்ணினது, இன்ஜின் ஆயிலோ ஸ்டீரிங் ஆயிலோ ஒரு மூடி போனாலும் ஊதிரும். டாட் 5 சிலிகானையும் நம்ம டாட் 3, டாட் 4 கூட கலக்கக்கூடாது. டாட் 5.1 வேறங்க, அது கிளைக்கால் தான், கலக்கலாம். பேரு ஒரே மாதிரி இருக்கறதால கடைக்காரரே கொழம்பறாரு.

தாம்பரம்_டிரைவ்
மூடி ரப்பர் நல்லாதான் இருக்கு, நன்றி யாழ் அண்ணா. பேட் பாதிக்கு மேல இருக்கு. நாலு வீலும் பாத்தேன், பின்னாடி டிரம் உள்ள கருப்பு தூசி தான், ஈரம் இல்ல. அப்புறம் மாஸ்டர புடிச்சிருக்க ரெண்டு நட்ட கழட்டி, பைப்ப கழட்டாமலே மெதுவா முன்னாடி இழுத்தேன். பின்பக்கம் பூரா ஈரம், பூஸ்டர் மேல பெயின்ட் சுருங்கி உரிஞ்சு நிக்குது, துணிய விட்டு துடைச்சா பழுப்பு கலர்ல வருது. ஃபோட்டோ போட்டிருக்கேன்.

அப்ப பின் சீல் ஒழுகறதால தான் பெடல் இறங்குதா?

ஸ்பானர்பாண்டி
இல்ல தம்பி, ரெண்டும் தனித்தனி. பின் சீலுக்கு வர்றது டப்பாலேர்ந்து சும்மா இறங்குற ஆயில், அங்க அழுத்தம் கெடையாது. அது ஒழுகுனா லெவல் குறையும், பெடல் இறங்காது. பெடல் இறங்குறது முன்னாடி கப்பால, அங்க தப்பிச்ச ஆயில் திரும்ப டப்பாவுக்கு போறதாலதேன் உங்க தம்பி சுழல்றத பாத்தான். ஒரே வயசு ரப்பர், ஒண்ணா போயிருக்கு. எப்படி பாத்தாலும் மாஸ்டர் வெளிய வரணும்.

பூஸ்டருக்குள்ள தேங்கி நிக்கிற ஆயில துணிய விட்டு உறிஞ்சி எடுத்துருங்க. அப்படியே விட்டா டயாஃப்ரத்த கெடுக்கும், வேக்கூம் ஹோஸ் வழியா இன்ஜின் உறிஞ்சி வெள்ளையா பொகையும் தள்ளும். அந்த பெயின்ட் மேல தண்ணிய ஊத்தி கழுவுங்க, பிரேக் ஆயில் தண்ணில கரையும்.

கொங்குகார்
இனி ரப்பர் மட்டும் மாத்தற கிட்டா, முழு மாஸ்டரையும் மாத்தற அசெம்ப்ளியா? நான் கிட் போடறதுக்கு தான் ஓட்டு போடுவேனுங்க. ரப்பர் கிட் சில நூறு ரூபாய்ல முடியுது, நல்ல மாஸ்டர தூக்கி எறிஞ்சுட்டு ஏனுங்க ஆயிரக்கணக்குல குடுக்கோணும்? எங்கப்பா காலத்துல இருந்து அம்பாசிடருக்கு கிட்டு தானுங்க போட்டு ஓட்டுனோம்.

ஓஎம்ஆர்_ரைடர்
பிரேக்ல போய் மிச்சம் புடிக்கறதா? அசெம்ப்ளி போடுங்க ப்ரோ.

ஸ்பானர்பாண்டி
அம்பாசிடர் மாஸ்டர் வார்ப்பிரும்பு, உள்ள கீறல் இருந்தா ஹோன் பண்ணி வழவழப்பாக்கி கிட்ட போடலாம், நானே எத்தனையோ போட்டிருக்கேன். இப்ப வர்ற வண்டில மாஸ்டர் பாடி அலுமினியம், உள்சுவத்துல அனோடைஸ் பண்ணின மெல்லிசான ஒரு தோல் இருக்கு. ஹோன் பண்ணா அந்த தோல் போயிரும், அப்புறம் சீக்கிரமே அரிச்சு குழி விழும், புது கப்பையும் கிழிக்கும். அதனால கழட்டி, ஆல்கஹால் விட்டு தொடச்சு, வெளிச்சத்துல புடிச்சு பாருங்க. கண்ணாடி மாதிரி இருந்தா கிட் தாராளமா போடலாம், கொங்கு தம்பி சொல்றது தப்பில்ல. நகம் தட்டுற மாதிரி ஒரு கோடு இருந்தாலும் அசெம்ப்ளி தான். 2009 வண்டி, தரை வரைக்கும் மிதிச்சிருக்காக, எனக்கு நம்பிக்கை இல்ல.

புதுப்பேட்டைல பழைய மாஸ்டர் மலிவா கெடைக்கும்பாக. பம்பரு, லைட்டு, கதவு எல்லாம் அங்க வாங்குங்க. ரப்பர் போட்ட பிரேக் சாமான் மட்டும் வேணாம், அதுவும் இதே வயசு ரப்பர் தானே.

தாம்பரம்_டிரைவ்
கழட்டி பாத்தாச்சு. பிஸ்டன் வந்துபோற எடம் பளபளன்னு இருக்கு, அதுக்கு அந்தாண்ட மங்கலா வளையம் வளையமா, நடுவுல நகம் மாட்டற அளவுக்கு ஒரு கோடு. கப்போட ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு. பாண்டி அண்ணே நேர்ல பாத்த மாதிரி சொல்லியிருக்கீங்க. கிட்டு கத முடிஞ்சுது, ஜிபி ரோட்ல அசெம்ப்ளி வாங்கிட்டேன், சீல் பிரிக்காத டாட் 4 டப்பாவும்.

பைப் நட்டு கழட்டறது தான் பெரிய சோதனை, துரு ஏறி இறுகி கெடக்கு. ஓபன் ஸ்பானர் வச்சா முனை மழுங்கற மாதிரி தெரிஞ்சதும் நிறுத்திட்டு, ராத்திரி பூரா பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு, காலையில பைப் நட்டுக்குன்னே இருக்க வாய் வெட்டின ரிங் ஸ்பானர் வாங்கி போட்டேன், டக்குன்னு விட்டுச்சு. அந்த ஸ்பானர் இல்லாம இந்த வேலைய யாரும் தொடாதீங்க, நட்டு மழுங்கிட்டா பைப்பே மாத்தணும்.

மாஸ்டர் மாட்டறதுக்கு முன்னாடி வேற எதாச்சும் பாக்கணுமா?

ஸ்பானர்பாண்டி
ரெண்டு விஷயம். ஒண்ணு, வெளியவே வச்சு ஏர் எடுத்துட்டு மாட்டுங்க. வைஸ்ல லேசா புடிச்சு, ரெண்டு ஓட்டைலயும் பிளாஸ்டிக் டியூப் சொருகி, மறு முனைய டப்பாவுக்குள்ள ஆயில்ல முங்குற மாதிரி விடுங்க. அப்புறம் மொட்டை ஸ்க்ரூடிரைவரால பிஸ்டன மெதுவா தள்ளி விடுங்க, குமிழி நிக்கிற வரைக்கும். இத பண்ணாம மாட்டுனா மாஸ்டர்ல நிக்கிற ஏரு வீல் வழியா வர்றதுக்கு பாடாய் படுத்தும்.

ரெண்டு, பூஸ்டர்லேர்ந்து வர்ற தள்ளுதண்டு. பழைய மாஸ்டர் பிஸ்டன் குழியும் புதுசோட குழியும் ஒரே ஆழமான்னு அளந்து பாருங்க. தண்டு நீளமா நின்னு பிஸ்டன எப்பவும் துளி தள்ளிக்கிட்டே இருந்துச்சுன்னா, டப்பாவுக்கு திரும்பற சின்ன ஓட்டை மூடியே இருக்கும். ஓட்ட ஓட்ட ஆயில் சூடேறி விரிஞ்சு, திரும்ப வழியில்லாம பிரேக் தானா புடிச்சுக்கும். மாட்டுன பின்னாடி கொஞ்ச தூரம் போயிட்டு வந்து வீல தூக்கி கையால சுத்தி பாருங்க, லேசா சுத்தணும்.

தாம்பரம்_டிரைவ்
மாட்டியாச்சு. ரெண்டு குழியும் ஒரே ஆழம் தான். வீட்டுக்காரம்மா பெடல் மிதிக்க நான் நிப்பிள் பாக்க, அடியில மரக்கட்டையோட, பின்னாடி இடது வீல்லேர்ந்து ஆரம்பிச்சு எல்லாத்துலயும் எடுத்தோம். மொதல்ல வந்தது டீ டிகாக்ஷன் மாதிரி கருப்பா இருந்துச்சு, போகப்போக தெளிவாயிருச்சு.

இப்ப பெடல் இறங்கல. இன்ஜின் ஓடும்போது லேசா, ஓங்கி, ரெண்டு மாதிரியும் புடிச்சு பாத்தேன், நின்ன எடத்துல நிக்குது. ஆனா நிக்கற எடமே கொஞ்சம் கீழ இருக்கு, ரெண்டாவது மிதில மேல வருது. ஏர் மிச்சம் இருக்கா? இல்ல புது மாஸ்டர்லயும் கோளாறா?

கொங்குகார்
பஞ்சு மாதிரி இருக்குதுங்களா?

தாம்பரம்_டிரைவ்
இல்ல, கெட்டியா தான் இருக்கு. ஹேண்ட்பிரேக்கும் ரொம்ப மேல வரைக்கும் இழுக்க வேண்டியிருக்கு, அது எப்பவுமே அப்படித்தான்.

கொங்குகார்
அப்ப பாண்டியண்ணன் சொன்ன ரெண்டாவது வகைங்க. பின்னாடி ஷூ. ஹேண்ட்பிரேக் எப்பவுமே மேல வர்றதுன்னாலே ஷூ தேய தேய இடைவெளிய தானா சரி பண்ற ஆட்டோ அட்ஜஸ்டர் துரு புடிச்சு ஒட்டிக்கிட்டு வேலை செய்யறதில்லன்னு தான் அர்த்தம். ஹேண்ட்பிரேக் கேபிள டைட் பண்ணி சரி பண்ணிராதீங்க, கேபிள் ஷூவ பாதி இழுத்து வச்சுக்கும், அட்ஜஸ்டர் அதுக்கப்புறம் சுத்தமா நகராது. கேபிள லூஸ் பண்ணிட்டு, டிரம்ம கழட்டி, அட்ஜஸ்டர் பல்ல கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சு, உரசற எடத்துல பிரேக்குக்குன்னு விக்கற கிரீஸ் துளி வைங்க, லைனிங் மேல பட்றாம. டிரம் போட்டா லேசா உரசிக்கிட்டு சுத்தற அளவுக்கு ஷூவ விரிச்சு வச்சுட்டு, கடைசியா தான் கேபிள். உள்ள இருக்கற தூசிய வாயால ஊதாதீங்க, ஈரத்துணில தொடைங்க.

தாம்பரம்_டிரைவ்
சரியாயிருச்சுங்க! இடது பக்கம் அட்ஜஸ்டர் அசையவே இல்ல, தேய்ச்சு விட்டப்புறம் ஃப்ரீயாச்சு. இப்ப மொத மிதிலயே பெடல் மேல நிக்குது, ஹேண்ட்பிரேக்கும் பாதிலயே புடிக்குது. ஆளில்லாத ரோட்ல மெதுவா ஓட்டி, ஒரு பக்கமா இழுக்குதான்னு பாத்து, வீல் சூட்டையும் தொட்டு பாத்தேன், நாலும் ஒரே மாதிரி. லெவல் கோட்டுக்கு மார்க் போட்டு வச்சிருக்கேன். பூஸ்டர் ரேட் சொன்ன மெக்கானிக் கிட்ட ஒண்ணும் சொல்லல, டயர் பஞ்சர்க்கு அவர்கிட்ட தானே போகணும்.

கொல்லிமலை உறுதி.

ஸ்பானர்பாண்டி
நல்லது தம்பி. இறங்கும்போது ரெண்டாவது கியர், தேவைப்பட்டா மொத கியர், இன்ஜின் புடிச்சுக்கும். பிரேக்ல காலயே வச்சிட்டு இறங்குனா புது மாஸ்டரும் உதவாது. டாட் 4 புதுசா இருக்கும்போது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, தண்ணி இழுத்துருச்சுன்னா 155 டிகிரிலயே கொதிக்கலாம்னு தான் கணக்கு வச்சிருக்காக, டாட் 3 அதவிட கீழ, 205, 140. கொதிச்சா லைன்ல ஆவி ரொம்பி பெடல் வெறுமனே போயிரும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஆயில மாத்துங்க, நல்லா இருக்க மாதிரி தெரிஞ்சாலும்.

ஓஎம்ஆர்_ரைடர்
என் வண்டில ஏபிஎஸ் இருக்கு, அதுல பெடல் இறங்குனாலும் இதே டெஸ்ட் தானா?

ஸ்பானர்பாண்டி
பாதி இதே தான். ஆனா ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள இருக்க வால்வு சரியா மூடாம கசிஞ்சாலும் இதே மாதிரி இறங்கும், வெளிய ஒழுகாது. அதுக்கு மாஸ்டர் ரெண்டு ஓட்டையையும் அடைப்பு போல்ட் போட்டு மூடிட்டு மிதிக்கணும், அப்பவும் இறங்குனா மாஸ்டர், நின்னுச்சுன்னா கோளாறு அதுக்கு அங்கிட்டு. ஏர் எடுக்க ஸ்கேனர் கேக்கற வண்டியும் இருக்கு. உங்களுக்கு இறங்குதா என்ன?

ஓஎம்ஆர்_ரைடர்
இல்லண்ணே, சும்மா கேட்டேன். இன்னைக்கு சாயங்காலம் ஒரு நிமிஷம் புடிச்சு பாக்கறேன்.

தாம்பரம்_டிரைவ்
கடைசியா ஒண்ணு, எடுத்த பழைய ஆயில் ஒரு பாட்டில் நிறைய நிக்குது, என்ன பண்றது?

கொங்குகார்
சாக்கடைல ஊத்திராதீங்க, வெஷமுங்க. மூடி போட்டு, மேல பேர் எழுதி, வேஸ்ட் ஆயில் சேக்கற ஒர்க்‌ஷாப்ல குடுங்க, இன்ஜின் ஆயிலோட கலக்காம தனியா. தண்ணி பாட்டில்ல இருந்துச்சுன்னா இப்பவே வேற டப்பாவுக்கு மாத்துங்க, குழந்தைக இருக்கற வீடு.